சின்ன எழுத்துக்காரர்கள்

போன வாரம் திங்கட்கிழமை. காலை ஆறே முக்கால் மணி. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் எங்கள் கம்பெனி பஸ் நிற்கிறது. கிளம்ப வேண்டிய நேரம். ஆனால் கிளம்பவில்லை.

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பயணிகள் பட்டியலைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் டூல் ரூம் விஸ்வநாதன் சார். விரலை மேலிருந்து கீழே ஓட்டுகிறார். கீழிருந்து மேலே ஓட்டுகிறார். பக்கவாட்டில்கூட ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எம் பேரு எங்க?"

திருநெல்வேலிக்காரர். இந்தப் பக்கம் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறாதவர்.

"பதினஞ்சு வருஷமா டிரைவருக்குப் பின்னால ஜன்னல் சீட்டுல வாரேன். இன்னைக்கு எம் பேரே இல்லைங்காவ. கேக்கேன்... நான் வேலையில இருக்கேனா, இல்லையா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னை? நான் ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. ஆகவே பட்டியல் என்னிடமிருந்து வருகிறது. சம்பளச் சீட்டில் மை மங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

அன்றைக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. என் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் முதன்முறையாக! அதுவரை 'பஸ் ஃபுல்' என்று சொல்லியே அனுப்பிவிடுவார்கள். நானும் அரசு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். இப்போது கம்ப்யூட்டர் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது, பதினைந்து வருஷ சீனியருக்கு இல்லை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

"மேடம் நேத்து ஞாயித்துக்கிழமைகூட வந்து வேலை பாத்தாங்களாமே," என்றது ஒரு குரல்.

"பின்ன? சீட்டு சும்மா வருமா?" என்றது இன்னொன்று.

எங்கள் பஸ்ஸில் ஐம்பது சீட். நின்றுகொண்டு வர அனுமதி கிடையாது. டிரைவர் கறாரான ஆள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் முதலாளியையே இறக்கிவிடுவார். விஸ்வநாதன் சார் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரசு பஸ்ஸைத் தேடிப் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஏ.சி. அறையில்கூட எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.

பஸ் குருபரப்பள்ளியில் நின்றது. ஒரு பெண் ஏறினார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேக்கிங் பிரிவு அஞ்சம்மா. வேப்பனப்பள்ளியிலிருந்து டவுன் பஸ் பிடித்து இந்த இடத்துக்கு வருகிறவர். இத்தனை நாள் இங்கிருந்து அரசு பஸ்தான்.

"அண்ணா, நிஜமா என் பேரு இருக்குதா?" என்று டிரைவரிடம் மூன்று முறை கேட்டார்.

"மொதல் பேரே உன்னுதுதாம்மா. ஏறு."

காலியாக இருந்தது ஒரே ஒரு சீட். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம். அஞ்சம்மா அதன் நுனியில் உட்கார்ந்தார், யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல. டிபன் பாக்ஸை மடியிலேயே பிடித்துக்கொண்டு ஓசூர் வரைக்கும் அப்படியே வந்தார்.

சரி, என்னதான் நடந்தது?

வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் மேனேஜ்மென்டும் பயந்து, பழைய டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றச் சொன்னது. அந்த வேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமை செய்தேன். எனக்கு லிஸ்ட் போடாமல் எதுவும் செய்ய வராது. அன்றும் போட்டேன்.

பழையதில் எத்தனை பேர், புதியதில் எத்தனை பேர்? சரி. டோக்கன் நம்பர்கள் பொருந்துகின்றனவா? சரி. தேதியில் வருஷம் நான்கு இலக்கமா? சரி. பிரிண்டர் ஓடுகிறதா? தட்டிக்கொடுத்தால் ஓடுகிறது, சரி. இப்படிப் பதினொரு டிக்.

நடுவில் ஒரே ஒரு முனகல். பஸ் பட்டியலை ஏற்றும்போது, 'கோவிந்தராஜ் இரண்டு முறை வருகிறார், ஏற்க முடியாது' என்றது புது வெர்ஷன். பழைய வெர்ஷன் இரண்டு பேரையும் சத்தமில்லாமல் வைத்திருந்ததே? பார்த்தேன். ஒரு கோவிந்தராஜ் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தார், இன்னொருவர் சின்ன எழுத்தில். டைப் அடித்தவருக்குச் சோம்பல் என்று முடிவு கட்டினேன். ஒருவர் பக்கத்தில் '2' என்று போட்டேன். நகர்ந்தேன்.

அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கிறீர்களா? 'தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்' என்று கீழே பெயர்கள் போடுவார்களே, அந்த இடத்துக்கு வந்ததும் வீட்டில் என்ன நடக்கும்? பெரிய சித்தப்பா முதலிலா, சின்ன மாமா முதலிலா? எல்லாப் பெயரும் இருக்கும், ஒரு எழுத்துப் பிழை இருக்காது, ஆனாலும் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போய்விடும். காரணம் வரிசை.

டேட்டாபேஸுக்கும் அதே தலைவலி உண்டு. எது முதலில் வரும், எது பின்னால் வரும், எதை எதோடு ஒன்றாக நினைக்க வேண்டும்... இதற்கெல்லாம் அதனிடம் ஒரு விதி இருக்கிறது. கொலேஷன் என்று பெயர். எங்கள் பழைய வெர்ஷனுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு சாதி. பெரிய எழுத்துப் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் சின்ன எழுத்துக்கே இடம். புது வெர்ஷன் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஏற்றும்போது அது ஒரு திரையைக் காட்டிக் கேட்கத்தான் செய்தது: 'எந்த வரிசை வேண்டும்?' நான் 'நெக்ஸ்ட்' அழுத்தினேன். நீங்கள் மட்டும் என்ன, படித்துப் பார்த்தா அழுத்துகிறீர்கள்?

இதனால் பஸ்ஸில் ஏன் ஒரு சீட் மாற வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ள, வருகை பதியும் டைம் ஆபீஸ் நஞ்சுண்டப்பா சாரிடம் போனேன். தொழிலாளர் பெயர்களை எல்லாம் ஆரம்பத்திலிருந்து டைப் அடித்தவர் அவர்தான். அத்திப்பள்ளியிலிருந்து கர்நாடக எல்லை தாண்டி தினமும் சைக்கிளில் வருகிறவர். ஒரு வாக்கியத்துக்குள் தமிழும் கன்னடமும் வந்துபோகும்.

"சார், சில பெயர் பெரிய எழுத்து, சில பெயர் சின்ன எழுத்து. ஏன் அப்படி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு பெருமை.

"கண்டுபுடிச்சிட்டியாம்மா? பர்மனென்ட் ஆளுன்னா கேப்ஸ் லாக் போட்டு அடிப்பேன். தற்காலிக கேஷுவல் ஆளுன்னா எடுத்துட்டு அடிப்பேன். அஷ்டே, அவ்வளவுதான்! எந்த லிஸ்ட் எடுத்தாலும் பர்மனென்ட் தானா மேல வந்துடும். தனியா ஒரு கட்டம் வேணாம், கோட் நம்பர் வேணாம்... சும்னே, வீணா எதுக்கு?"

நான் பத்து நிமிஷம் அவரை வியந்துகொண்டிருந்தேன். உண்மையாகவே. இன்ஜினியரிங் காலேஜில் நான்கு வருஷம் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி ரூட்டில் பெயர் கொடுத்தவர்கள் எழுபத்தொரு பேர். பெரிய எழுத்துக்காரர்கள் ஐம்பது. அந்தக் கணக்குக்கே பஸ்ஸும் பிடித்திருந்தார்கள். வாராவாரம் முதல் ஐம்பது பெயரை அச்சடிப்பார்கள். அச்சில் மட்டும் எல்லாம் பெரிய எழுத்தாக வரும்படி யாரோ முன்பே புரோகிராம் எழுதியிருந்தார்கள். ஆகவே கண்ணாடியில் ஒட்டினால் ஆங்கில ஏ-யிலிருந்து ஒய் வரை ஐம்பது பெயர்கள், அவ்வளவு ஒழுங்காகத் தெரியும். மீதி இருபத்தொரு பேர் ஏன் வரவில்லை என்று கேட்டால், 'பஸ் ஃபுல்.' அது பொய்யும் இல்லை!

புது வெர்ஷனில் எழுபத்தொரு பேரும் கலந்து நின்றார்கள். அஞ்சம்மா ஏ. விஸ்வநாதன் வி. ஐம்பதுக்குக் கோடு போட்டால் பட்டியல் ஆர் எழுத்தோடு முடிந்துவிடுகிறது. சீனிவாசனும் வெங்கடேசனும் விஸ்வநாதனும் நடுரோட்டில்.

"அப்ப என் பெயர் எதுல சார் இருந்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

நஞ்சுண்டப்பா சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை பெருமை இல்லை.

"நீ டிரெய்னியா வந்தேல்ல... சின்னதுல போட்டேன்."

"நான் கன்ஃபர்ம் ஆகி ஆறு மாசம் ஆச்சு சார்!"

"ஹௌதம்மா, ஆமா. பெருசாக்கலாம்னு இருந்தேன். ஆனா உன்ன மேல ஏத்துனா கடைசில, ஒய் எழுத்துல இருக்கிற எல்லப்பா வெளிய போவான். அவன் வந்து என் டேபிள் மேல ஏறி சண்ட போடுவான். நீ நல்ல பொண்ணு, சண்ட போட மாட்டே."

நல்ல பெண்ணாக இருப்பதற்கு என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், இனி என்னிடம் ஒரு பதில் உண்டு: அரசு பஸ்ஸில் படிக்கட்டு.

இதற்குள் விஸ்வநாதன் சார் பர்சனல் ஆபீசர் அறைக்குள் போய்விட்டு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமையே உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் சரியாகும்வரை பழைய வாரத்துப் பட்டியல்தான். அஞ்சம்மா அவுட். நானும் அவுட்.

புதன்கிழமை அரசு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். குருபரப்பள்ளியில் அஞ்சம்மா ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க கம்ப்யூட்டர் மேடம்தானே? உங்களுக்கே சீட்டு இல்லியா?"

"இல்லைக்கா."

"அப்ப கம்ப்யூட்டரு யாரு பேச்சதான் கேக்குது?"

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லவில்லை. நஞ்சுண்டப்பா சாரை ஏன் மாட்டிவிட வேண்டும்?

சூளகிரியில் பஸ் நின்றது. கொத்தமல்லி மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு... அஞ்சம்மா மூட்டைகளை எண்ணினார். என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மணி மேடம்?"

"ஏழே முக்கால்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"என்னக்கா, ஏதாவது அவசரமா?"

"இந்த மாசம் ரெண்டு லேட்டு ஆயிப்போச்சு மேடம். இன்னொண்ணு ஆனா கார்ட கட் பண்ணிருவாங்க. மாசம் முடிய இன்னும் ஒம்பது நாளு கெடக்குது."

பர்மனென்ட் ஆள் லேட்டாக வந்தால் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். திங்கட்கிழமை விஸ்வநாதன் சார் இருபது நிமிஷம் லேட், கையெழுத்தோடு போயிற்று. கேஷுவலுக்குப் பத்து நிமிஷம்தான் மன்னிப்பு. அதைத் தாண்டினால் ஒரு லேட். மாதத்தில் மூன்று லேட் என்றால் பெயரையே அடித்துவிடுவார்கள். ஆனால் கம்பெனி பஸ் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதில் வருகிறவர்களுக்கு லேட் கிடையாது. நேரத்துக்கு வந்தே ஆக வேண்டியவர்களை அரசு பஸ்ஸில் விட்டுவிட்டு, தாமதமானால் ஒன்றும் ஆகாதவர்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். இத்தனை வருஷமாக.

எட்டரை மணி வேலைக்கு, எட்டு முப்பத்தாறுக்கு இறங்கினோம். ஓடினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அஞ்சம்மா எனக்கு முன்னால் ஓடினார். கேட் கடிகாரத்தில் எட்டு முப்பத்தொன்பது. செக்யூரிட்டி லேட் போடாமல் அவரை உள்ளே விட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒரு நிமிசம் மிச்சம் மேடம்!"

வியாழனும் வெள்ளியும் முதல் டவுன் பஸ்ஸிலேயே கிளம்பி, ஏழு மணிக்கே வந்து பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்று செக்யூரிட்டி சொன்னார்.

நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து மூன்று வழிகளை எழுதினேன்.

முதலாவது: இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழைய வரிசை விதியோடு மறுபடி ஏற்றுவது. எல்லாரும் அதைத்தான் 'சரிசெய்வது' என்று சொன்னார்கள். இரண்டாவது: இப்போது இருப்பதை அப்படியே விடுவது. ஏ எழுத்தில் பெயர் வைத்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு யோகம். வி-காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மூன்றாவது: யார் முதலில் என்பதை ஒளித்து வைக்காமல் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதிவிடுவது.

மூன்றாவதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மதியம் பர்சனல் ஆபீசரிடம் போனேன். நல்ல மனிதர். எதிலும் கையெழுத்துப் போடுமுன் பேனாவைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்.

"சார், ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. 'பஸ்ஸில் பர்மனென்டுக்குத்தான் முதல் இடம், மிச்சம் இருந்தால் கேஷுவலுக்கு' என்று. அப்படியே புரோகிராமில் போட்டுவிடுகிறேன்."

பேனாவை எடுத்தார். தட்டினார். வைத்துவிட்டார்.

"இதெல்லாம் எதுக்கும்மா எழுத்துல?"

"சொல்லாமல் கம்ப்யூட்டருக்குப் புரியாது சார்."

"இத்தன வருஷம் புரிஞ்சுதே?"

"இத்தனை வருஷம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் சார். எழுதாமல்."

மறுபடி பேனா. மறுபடி மேஜை. "லேபர் இன்ஸ்பெக்டர் கண்ணுல இது பட்டா, யாரும்மா அந்த கேஷுவல், எத்தன வருஷமா கேஷுவல்னு கேப்பான்."

"எத்தனை வருஷம் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். கேப்ஸ் லாக் செய்துகொண்டிருந்த வேலையைத் தன் பேனாவால் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

கடைசியில் அவர் எழுதியது மூன்றே வார்த்தை: 'பணியில் சேர்ந்த தேதிப்படி.' யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாத விதி. கையெழுத்தும் போட்டார்.

வேலை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? கேஷுவல் ஆட்களின் கார்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். கம்ப்யூட்டரில் இருந்தது கடைசியாகப் புதுப்பித்த தேதி. அதன்படி அஞ்சம்மா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது! எனக்கே ஜூனியர்!

நஞ்சுண்டப்பா சாரிடம் போய் நின்றேன். அவர் காகிதத்தில் இருந்த மூன்று வார்த்தையைப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"சேர்ந்த தேதின்னுதானே போட்டிருக்கு? புதுப்பிச்ச தேதின்னு போடலியே?"

"போடல சார்."

மேஜையின் அடி டிராயரை இழுத்தார். அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று. ஒவ்வொரு ஆளும் முதன்முதல் கேட்டுக்குள் வந்த நாள், அவர் கையெழுத்தில். "யாரும் கேக்கல. நானும் குடுக்கல," என்றார். வெள்ளிக்கிழமை முழுக்க அவரே உட்கார்ந்து எழுபத்தொரு தேதிகளையும் அடித்தார். பெயர்களையும் ஒன்றுவிடாமல் திருத்தினார். கேப்ஸ் லாக்கை ஒரு தடவை போட்டவர், முடிக்கும்வரை எடுக்கவில்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. விஸ்வநாதன் சார் இரண்டாவது இடம். முகம் மலர்ந்துவிட்டது.

"இதாம்மா முறை! மூத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா?" என்றவர், முதல் பெயரைப் பார்த்துவிட்டுக் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். கேன்டீனில் சோறு பரிமாறி, பாத்திரமும் கழுவும் முனியம்மா. தொழிற்சாலைக்குக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து கேஷுவல். விஸ்வநாதன் சார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "சரி, அவ சோறு போட்ட கை," என்றார். ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அஞ்சம்மா இருபத்துமூன்றாவது. ஏழு வருஷம் முடிந்துவிட்டதாம், அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கேஷுவல் இன்னும் கேஷுவல்தான். அதை மாற்றும் பட்டன் என் கீபோர்டில் இல்லை. ஆனால் மூன்றாவது லேட் இனி வராது.

எல்லப்பா உட்படப் புதிதாகச் சேர்ந்த சில பர்மனென்ட் ஆட்களுக்கு இடம் போயிற்று. எல்லப்பா மட்டும் டைம் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டார். நஞ்சுண்டப்பா சார் பேசாமல் பர்சனல் ஆபீசரின் மூன்று வார்த்தையைக் காட்டினாராம்.

அப்புறம் நான்? எழுபத்தொரு பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

சாயங்காலம் ஐந்தரைக்கு கேட்டைத் தாண்டி, அரசு பஸ்ஸுக்காக மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி பஸ் மெதுவாக என்னைக் கடந்தது. ஒரு ஜன்னலிலிருந்து அஞ்சம்மா தலையை நீட்டினார். இந்த முறை சீட்டின் நுனியில் உட்காரவில்லை. நன்றாகச் சாய்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்திருந்தார்.

"கவலப்படாதீங்க மேடம்! ஏழு வருசம் போனா தானா வந்துடும்!"

பஸ்ஸே சிரித்தது. விஸ்வநாதன் சார் சிரிப்பு தனியாகக் கேட்டது.

நடந்துகொண்டே பட்டியலை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வரிசைப்படி, அஞ்சம்மா சொன்னது சரிதான்.